ராமநாதபுரம் கடற்கரையில் நடக்கிற கவுன்சலிங் மையத்தை வாங்குவதும் வளர்ப்பதும்: பதிவேட்டிலிருந்து இரண்டாவது நாற்காலி வரை

ராமநாதபுரம் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வாங்கிய மையம். அதை எனக்கு விற்ற அக்கா, இடத்தைக் காட்டக் கூட்டிப்போனபோது முதலில் படிக்கட்டைத்தான் காட்டினார். "வாடகை கம்மின்னு இந்த மாடிய எடுக்கலம்மா. ஏறி வர்றதத் தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா, ஆதார் காப்பி எடுக்க வந்தேன்னு சொல்லிக்கிடலாம்ல, அதுக்குத்தான்" என்றார். மனநலம் என்று எழுதிய பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நிற்பதற்கே கூசுகிறவர்கள் நம் ஆட்கள். கீழக்கரைக்காரர் ராமநாதபுரத்துக்கு வருகிறார். ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்.

எம்.எஸ்சி. உளவியலோ எம்.எஸ்.டபிள்யூ.வோ முடித்து, சில வருடம் எங்காவது சம்பளத்துக்கு இருந்துவிட்டு, தொண்டி முதல் சாயல்குடி வரையிலான இந்தக் கரையில் சொந்தமாக உட்கார நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குவதா, நடக்கிறதை வாங்குவதா என்று கேட்டால், வாங்குங்கள் என்பேன். ஒரே நிபந்தனை: விற்கிறவர் குறைந்தது மூன்று மாதம் உங்களோடு உட்காரச் சம்மதிக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே வெளிநாட்டு மகன் வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் வாங்குவதைவிட, அந்தப் பணத்தில் தனியாக ஓர் அறை பிடித்துக்கொள்வது மேல்.

படி 1: விலைக்கு வருவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எங்கிட்ட இருநூறு கிளையண்ட் இருக்காங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த இருநூறு பேரும் விற்பனைக்கு இல்லை. அவர்கள் யாருடைய சொத்தும் இல்லை. நாளைக்கே வராமல் போகலாம். பணம் கொடுத்து வாங்கக்கூடியவை இவ்வளவுதான்: மையத்தின் பெயர், வாடகை இடத்தில் தொடரும் வாய்ப்பு, மேசை நாற்காலி ஏசி, முன்னால் உட்கார்ந்து போன் எடுக்கிற பெண்ணின் அனுபவம், ஆள் அனுப்பி வைக்கிற டாக்டர்கள் ஆசிரியர்களின் பழக்கம், கூகுள் மேப்பில் இருக்கிற பக்கம், கடைசியாக அந்தப் போன் நம்பர்.

போன் நம்பரை நான் கடைசியில் சொன்னாலும் மதிப்பில் அதுதான் முதல். காலண்டர் பின்பக்கத்திலும், ரேஷன் கார்டு உறைக்குள்ளும், அடுப்படிச் சுவரிலும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிற நம்பர் அது. ஆனால் பெரும்பாலும் விற்கிறவரின் வங்கிக் கணக்கு, ஆதார், ஜிபே எல்லாம் அதே நம்பரில்தான் இருக்கும். அவரால் அதைக் கொடுக்க முடியாது. இதை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். கொடுக்க முடிந்தால் சிம்மைப் பெயர் மாற்றி வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கால் ஃபார்வர்டு போட்டு வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

படி 2: பதிவேட்டை நீங்களே உட்கார்ந்து எண்ணுங்கள்

வங்கிக் கணக்கு அறிக்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். இந்தக் கரையில் மீன் விற்ற பணம், கரிமூட்டக் கூலி, கடல்பாசி எடுத்த காசு எல்லாம் ரொக்கமாகவே வரும். அதனால் இருபத்து நான்கு மாதப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு வருடம் போதாது. ஒரு வருடத்தின் மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு வருடத்தைப் போல இருக்காது.

பெயர்களை நீங்கள் பார்க்கக் கூடாது. எங்கள் அக்கா ஒரு பழைய காலண்டர் அட்டையை நீளவாக்கில் வெட்டி, பெயர்ப் பத்தியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கம் திருப்பும்போதும் அட்டை நகரவில்லை. தேதி, ஊர், யார் சொல்லி வந்தார், கட்டணம் என்ற நான்கு பத்திகளை மட்டும் நான் எண்ணினேன். இரண்டு மதியம் ஆனது. அட்டையை எடுத்துவிட்டுப் பதிவேட்டை அப்படியே உங்கள் முன் தள்ளுகிற ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்குகிறவரிடம் ரகசியத்தைக் காட்டியவர் ஊரில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பார்?

எண்ணும்போது பார்க்க வேண்டியவை மூன்று. ஒரே ஒரு முறை வந்துவிட்டுத் திரும்பாதவர்கள் எத்தனை பேர். பாதிக் கட்டணம், இலவசம் என்று குறித்தவை எத்தனை. மூன்றாவது "யார் சொல்லி வந்தார்" என்ற பத்தி. எனக்கு அதிர்ச்சி தந்தது அதுதான். மாதா மாதம் புதிதாக வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதிரே ஒரே டாக்டரின் பெயர். விசாரித்தால் அவர் மாறுதலுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவர் போய்விட்டால் மையத்தில் பாதி போய்விடும். இது எந்தக் கணக்கு அறிக்கையிலும் தெரிந்திருக்காது.

மூன்று வருட வருமான வரிக் கணக்கையும் கேளுங்கள். பதிவேடு ஒன்று சொல்லி, வரிக் கணக்கு வேறு சொன்னால், வரிக் கணக்கை வைத்தே விலை பேசுங்கள். அரசுக்குக் காட்டாத வருமானத்துக்கு உங்களிடம் விலை கேட்பது என்ன நியாயம்?

படி 3: விலை

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரு மாதிரிக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். மாதம் 90 அமர்வு. கட்டணம் 600 என்று பலகையில் இருந்தாலும், சலுகை போகச் சராசரியாகக் கைக்கு வருவது 500. ஆக 45,000 ரூபாய். வாடகை 7,000, முன்மேசைப் பெண்ணுக்கு 8,000, கரண்ட் தண்ணீர் போன் 2,500, சில்லறைச் செலவு 1,500. மொத்தச் செலவு 19,000. மிச்சம் 26,000.

விற்கிறவர் இந்த 26,000 ரூபாயைத்தான் லாபம் என்பார். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, "வருசத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல வருது, நாலு லட்சம் குடுங்க" என்பார். அவர் அதில் தன் உழைப்புக்குக் கூலி போடவில்லை. நீங்கள் வேறெங்காவது ஒரு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ கவுன்சிலராக இருந்தால் 22,000 சம்பளம் கிடைக்கும் என்று வையுங்கள். அதைக் கழித்தால் இந்த மையம் மையமாக நின்று சம்பாதிப்பது மாதம் 4,000, வருடத்துக்கு 48,000. நற்பெயருக்கு (குட்வில்) அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 96,000 வரை நான் கொடுப்பேன். ஏசி, மேசை, அலமாரி பழைய விலைக்கு 60,000. விற்கிறவர் மூன்று மாதம் கூட இருந்து கைமாற்றித் தருவதற்கு மாதம் 18,000 வீதம் 54,000. கூட்டினால் 2,10,000. வாடகை அட்வான்ஸ் தனி, ஏனென்றால் அது கட்டட உரிமையாளரிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வரும் பணம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அக்காவின் முகம் வாடியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒருவர் ஆயுளில் பாதியைப் போட்டு உருவாக்கியதை 96,000 என்று காகிதத்தில் எழுதினால் வலிக்கத்தான் செய்யும். நான் அந்தத் தொகையைக் கூட்டவில்லை. கைமாற்று மாதங்களுக்கான பணத்தைக் கூட்டினேன். அது அவர் நேரத்துக்கான பணம், எனக்கும் அதனால் பலன் உண்டு.

கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தில் இந்த அளவுத் தொகைக்கு வங்கியில் கேட்கலாம். ஜி.எஸ்.டி. பற்றிப் பதற வேண்டாம். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் பதிவு பற்றிய பேச்சே.

படி 4: உங்கள் தகுதி, பலகையில் எழுதும் சொல்

விற்கிறவர் எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராக இருக்கலாம். அந்தப் பதிவு அவரோடு போய்விடும். உங்களுக்கு அது இல்லையென்றால் பலகையிலிருந்தும், லெட்டர் பேடிலிருந்தும், கூகுள் பக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் வகைகளை நீங்கள் எழுத முடியாது. இதனால் குறைகிற வருமானத்தையும் விலைக் கணக்கில் கழியுங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் ஆலோசகர்களும் வருகிறார்கள். பட்டச் சான்றிதழ்களை ஒழுங்காக எடுத்து வைத்திருங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் "மனநல நிலையம்" என்று சொல்வது, மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைக்கும் இடத்தை. பேசி அனுப்புகிற மையத்துக்கு அந்தப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் "ரெண்டு நாள் மட்டும் இங்க வச்சுப் பாத்துக்கங்க, குடிச்சுட்டு அடிக்கிறாரு" என்று கெஞ்சுவார்கள். உள்ளறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தால்கூட நீங்கள் வேறு சட்டத்துக்குள் போய்விடுவீர்கள். ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இன்று சொல்கிறது. நம் மாவட்டத்தில் மனநலத் தொழில் செய்கிற யாரும் அந்த ஊரை மறந்துவிட்டு இடம் பார்க்க முடியாது.

படி 5: கோப்புகள்

பழைய கோப்பு அலமாரியைச் சாவியோடு வாங்கிக்கொள்ளாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நாங்கள் செய்த முறை இது. இப்போது வந்துகொண்டிருப்பவர்களிடம் அக்காவே நேரில் கேட்டார்: "நான் நிறுத்தப் போறேன், இவங்க பாத்துப்பாங்க, உங்க கோப்ப இவங்களுக்குக் காட்டலாமா?" சரி என்றவர்களிடம் கையெழுத்து. வேண்டாம் என்றவர்களுக்கு வேறு மூன்று இடங்களின் விவரம் எழுதிக் கொடுத்தார். வந்து நின்றுபோனவர்களின் கோப்புகள் அக்காவின் பொறுப்பிலேயே பூட்டப்பட்டு இருக்கின்றன. யாராவது திரும்பி வந்து சம்மதித்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் என்னிடம் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது யாராக இருந்தாலும் கட்டாயம். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து அப்படி ஒன்றைப் படித்துவிட்டால் அந்தக் கடமை உங்கள் தலைக்கும் வந்துவிடும். ஒப்பந்தம் போடும் முன்பே விற்கிறவரிடம் கேளுங்கள்: புகார் செய்ய வேண்டியிருந்து செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா? பதில் இழுத்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

படி 6: ஒப்பந்தம்

வக்கீலை வைத்து எழுதுங்கள். எதெல்லாம் கைமாறுகிறது, எது மாறவில்லை என்று தனித்தனிப் பட்டியல். பழைய பாக்கி, முன்மேசைப் பெண்ணுக்குத் தர வேண்டியது, கரண்ட் பில் எல்லாம் எந்தத் தேதி வரை யார் பொறுப்பு என்று ஒரு வரி. கட்டட உரிமையாளரிடம் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும்.

விற்றவரே அடுத்த தெருவில் இன்னொரு மையம் திறந்தால் என்ன செய்வது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு, தொழில் செய்யக் கூடாது என்று ஒருவரைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நற்பெயரை விற்கும்போது மட்டும் அதற்கு விலக்கு உண்டு, அதுவும் குறிப்பிட்ட எல்லைக்குள், நியாயமான அளவுக்கு. எனவே "நற்பெயருக்கு இவ்வளவு ரூபாய்" என்று ஒப்பந்தத்தில் தனித்தொகையாகக் காட்டி, எல்லையையும் காலத்தையும் எழுதுங்கள். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம், மூன்று வருடம் என்று போட்டோம்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: கையெழுத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருட முடிவில் ஒன்று. இரண்டாவது மூன்றாவது தவணைகளை "இத்தனை பேர் தொடர்ந்து வந்தால்" என்று எண்ணிக்கையோடு கட்டச் சொல்லி ஆடிட்டர் யோசனை கூறுவார். வேறு வியாபாரத்துக்கு அது சரி. இங்கே அப்படிக் கட்டினால், குணமாகிப் போக வேண்டியவரையும் "இன்னும் ரெண்டு தடவ வாங்க" என்று இழுக்க இருவருக்குமே ஆசை வரும். விற்கிறவர் செய்ய வேண்டிய வேலைகளோடு கட்டுங்கள்: இத்தனை கூட்டு அமர்வு, இன்னின்ன டாக்டர்கள் பள்ளிகளுக்கு நேரில் அழைத்துப் போய் அறிமுகம், போன் ஃபார்வர்டு.

படி 7: கைமாற்றும் மூன்று மாதம்

பொறுப்பெடுத்த முதல் வாரம், இரவு பத்தரைக்குத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. "அக்காவா?" என்றது குரல். "அக்கா இப்ப இல்லம்மா, நான்தான் புதுசா பாத்துக்கறேன், சொல்லுங்க" என்றேன். இரண்டு விநாடி மூச்சு கேட்டது, வைத்துவிட்டார். மறுநாள் அக்கா மூலம் தெரிந்தது, கணவர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதாக மற்ற படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வந்தது இந்த நம்பர்தான். "இல்லை" என்ற சொல்லை நான் முதலில் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு மூன்று மாதமும் "அக்கா இருக்காங்கம்மா, நான் அவங்ககூட இருக்கறவ, உடனே கூப்பிடச் சொல்லவா?" என்றுதான் போன் எடுத்தோம்.

முதல் மாதம் நீங்கள் ஓரத்து நாற்காலியில் இருந்து கேளுங்கள். இரண்டாம் மாதம் நீங்கள் பேசுங்கள், அவர் ஓரத்தில். மூன்றாம் மாதம் அவர் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவரை "உள்ள போங்க" என்று அனுப்பிவைக்கட்டும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. இரண்டு வாரத்தில் பழகுகிறவர்களும் உண்டு. கட்டணத்தை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். திரைச்சீலையைக்கூட மாற்றாதீர்கள் என்பேன்.

இரவு முழுக்க நீங்களே போன் எடுக்க முடியாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, மருத்துவ உதவிக்கு 104, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அச்சடியுங்கள்.

படி 8: வளர்ப்பது, கடலின் நாட்காட்டிப்படி

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். சனிக்கிழமை காலை பத்து மணி என்று ஒரு படகுக்காரருக்கு நேரம் கொடுத்தால் அவர் வரப்போவதில்லை. செவ்வாய், வியாழன் மாலை சரிவரும், தூங்கி எழுந்திருப்பார். கீழக்கரை, பெரியபட்டினக் குடும்பங்களுக்கு வெள்ளி என்றால் ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல். தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு ஞாயிறு காலை வேண்டாம், பூசை இருக்கும். நேர அட்டவணையை இப்படி மாற்றியது ஒன்றுதான் நான் முதல் வருடத்தில் செய்த விரிவாக்கம். வராமல் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் காசு இருக்காது, வீட்டில் ஆண்கள் இருப்பார்கள், குடி கூடும், அதே நேரத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டும் வரும். கூட்டம் ஏறும், வசூல் இறங்கும். இரண்டு மாத வாடகையும் சம்பளமும் மார்ச் மாதமே தனியாக எடுத்து வையுங்கள்.

ஆள் அனுப்புகிற ஒரே டாக்டரை நம்பிய கதையைச் சொன்னேன். அந்தப் பத்தியில் ஐந்தாறு விதமான பெயர்கள் வரும்படி செய்வதுதான் வளர்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். பங்குத்தந்தை, ஜமாஅத் பெரியவர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், மகளிர் குழுத் தலைவிகள், மருந்துக்கடைக்காரர். தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களை முதலில் பார்ப்பது மருந்துக்கடைக்காரர்தான். யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். எதிர்த்திசையிலும் அனுப்புங்கள்: மருந்து தேவைப்படுகிறவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ அன்றே எழுதி அனுப்புங்கள். "செய்வினை வச்சுட்டாங்க" என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ போகிறவரிடம் போகாதே என்று வாதாட வேண்டாம். ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு செய்தது. போய்விட்டு இங்கேயும் வரச் சொல்லுங்கள்.

கீழக்கரையில் வளைகுடாக் குடும்பங்கள் அதிகம். கணவர் துபாயில், மனைவி இங்கே, மாமியார் நடுவில். ஆன்லைன் அமர்வு கேட்பார்கள். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வாட்ஸ்அப் அழைப்பு அங்கே ஓடாது, அனுமதியுள்ள வேறு செயலி வேண்டும். நான் இங்கே இருக்கிற மனைவியைத்தான் முதன்மையாகப் பார்க்கிறேன். கணவர் குடும்ப அமர்வில் மட்டும் சேருவார். தனியாக அவருக்குச் சிகிச்சை என்றால் அங்குள்ள உரிம விதிகள் குறுக்கே வரும்.

படி 9: இரண்டாவது நாற்காலி

மாதம் 110 அமர்வைத் தாண்டிய பிறகுதான் இரண்டாவது ஆளை யோசித்தேன். அதற்கு முன் வைத்தால் அவருக்குச் சம்பளம் கொடுக்க நீங்கள் கூடுதலாக உழைப்பீர்கள். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பெண்களே அதிகம்; படகில் போகிற ஆண்கள் தங்கள் பயத்தை என்னிடம் சொல்லத் தயங்கினார்கள். அதனால் ஓர் ஆண் கவுன்சிலர், செவ்வாய், வியாழன் மாலை மட்டும். கட்டணத்தில் அவருக்கு அறுபது, மையத்துக்கு நாற்பது. சம்மதப் படிவத்தில் மையத்தின் பெயரும் அவர் பெயரும் இரண்டும் இருக்கும். அவர் விலகினால் கோப்பு எங்கே இருக்கும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

அவரைப் பார்க்க முதலில் வந்தவர் மண்டபத்துப் படகுக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும். கீழே நிஜமாகவே காசு கொடுத்து ஆதார் நகல் எடுத்து, அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறி வந்தார்.